இருபது நிமிடம் பின்னால்

என் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. 'வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை நாங்கள் கேட்பதில்லை' என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடை திறந்த அன்றைக்கே நான் எழுதி மாட்டியது. பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப்பில் பெண்களின் படங்களைத் தேடிப் பார்க்கிற கடைகள் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். நான் அப்படியில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. என்னிடம் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதைச் செருகி, அதிலிருந்தே மெஷினை ஓட்டிப் பார்த்து, கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்து கொடுத்துவிடுவேன். உள்ளே அவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தப் பலகையைக் கட்டிக்கிட்டிருக்கலாம் நீ" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஒரு திங்கட்கிழமை அந்த வாடிக்கையாளர் உள்ளே வந்தார். லேப்டாப்பை ஒரு வெள்ளைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தேய்த்து, மடிப்பு கலையாத உறை. ஆஸ்பத்திரி லாண்டிரியில் வேலையாம். விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. மேசை மேல் வைக்கும்போது இரண்டு கையாலும் வைத்தார்.

மெஷினில் தேதி ஆறு வருடத்துக்கு முந்தையதாகக் காட்டுகிறது என்றார். இரண்டு வருடமாகப் பைக்குள்ளேயே கிடந்ததாம். நேற்று ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்துத் திறந்தாராம். திறக்க வேண்டிய இணையப் பக்கம் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லிவிட்டுத் திறக்கவே இல்லையாம்.

இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெஷினை அணைத்த பிறகும் நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்கே போய் நின்றுகொள்ளும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பக்கமும் நம்மை நம்பாது. பின்பக்கம் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி செத்துத்தான் கிடந்தது. புதிதாகப் போட்டு, நேரத்தைச் சரியாக வைத்து, பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நொடி பிசகவில்லை.

வேலை நடக்கும்போது அவர் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மனைவி பிரிந்து போய் இரண்டு வருடம். ஒரே மகள், பதினாலு வயது. கடைசியாக அவளைப் பார்த்துப் பதினாலு மாதமாகிறது. எழுதி எழுதிப் போட்டு, அலைந்து திரிந்து, போன மாதம்தான் கோர்ட் உத்தரவு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு, சந்திப்பு மையத்தின் இணையப் பக்கத்தில், திரை வழியாக அரை மணி நேரம் பார்த்துப் பேசலாம். மையத்து அம்மாள் ஒருவர் கூடவே இருந்து கவனிப்பார். யாரும் படம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, கால் மணி நேரம் முன்பே போனை அணைத்து அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பத்து நிமிடம் வரை குழந்தை காத்திருக்கும். அதற்குள் அப்பா வரவில்லை என்றால் 'வரவில்லை' என்று எழுதி மூடிவிடுவார்கள். தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை என்றால் உத்தரவே ரத்து.

"நேத்தே ஒண்ணு போயிடுச்சு மேடம்" என்றார். "இனிமே சரியா இருக்குமா?"

"இது இனிமே தப்பா காட்டுச்சுன்னா நான் கடையை இழுத்து மூடிடறேன்" என்றேன்.

வாய் இருக்கிறதே, அதற்கென்ன. அவர் சிரித்தார். லேப்டாப்பை உறைக்குள் வைத்து, வாயை மடித்துவிட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மூன்றே முக்காலுக்குப் போனை அணைத்து, கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, மெஷின் முன் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு அறை உள்ள வீடு, சுவரில் கடிகாரம் கிடையாது. பக்கம் இந்த முறை திறந்திருக்கிறது. 'உங்கள் சந்திப்புக்கு இன்னும் இத்தனை நிமிடம்' என்று எண்ணிக் காட்டியிருக்கிறது. உள்ளே போகும் பொத்தான் நேரம் வந்தால்தான் அழுத்த வரும். சட்டை மாற்றி, தலை வாரி, பின்னால் கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, அந்த எண் குறைவதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சைபர் வந்தது, அழுத்தினார். 'சந்திப்பு முடிந்தது. உங்கள் வருகையின்மை பதிவு செய்யப்பட்டது.' வெளியே ஓடிப் போனைத் திறந்து பார்த்தால் மணி நாலு இருபது.

அந்தப் பக்கத்தை எழுதிய புண்ணியவானை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நேரத்தைத் தன் இடத்திலிருந்து எடுக்காமல், பார்ப்பவருடைய மெஷினில் என்ன காட்டுகிறதோ அதை வைத்து எண்ணுகிற பக்கம். பச்சைக் குழந்தைகூட இப்படிச் செய்யாது. ஆனால் திட்டியபோதே எனக்குள் ஒரு சந்தேகம். நான் வைத்த நேரம் எப்படித் தப்பாகும்?

பென்டிரைவைப் போட்டு மெஷினைத் திறந்தேன். பார்த்தால் நேரம் பின்னால் இல்லை. இருபது நிமிடம் முன்னால் நின்றது.

"பின்னால போகுதுன்னீங்க. இது முன்னால ஓடிட்டிருக்கு. நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

போனில் பார்த்து நானே சரியாக வைத்தேன் என்றார். குரல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பழக்கமில்லாத மனுஷன், பதற்றத்தில் எதையோ அழுத்திக் குளறுபடி செய்துவிட்டார். பின்னால் போனதும் இவர் கைவரிசை, முன்னால் ஓடியதும் இவர் கைவரிசை. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. நேரத்தைத் திருத்தி, இரண்டு நாள் என் மேசையிலேயே வைத்திருந்தேன். அணைத்து அணைத்துத் திறந்தேன். எல்லாம் பென்டிரைவிலிருந்துதான். என் மெஷினும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நொடியில் ஓடின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்று சொல்லலாம். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பெயரில், அவருடைய கடவுச்சொல் போட்டு உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அங்கேதான் பலகை தொங்குகிறதே. அவர் கணக்கு எனக்கு வேண்டாத இடம்.

புதன்கிழமை வாங்கிப் போக வந்தார். நான் டீச்சர் மாதிரி விரலை நீட்டி நீட்டிச் சொன்னேன். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. இனிமேல் நேரத்தில் அவர் கையே வைக்கக் கூடாது. ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா ரெண்டும் வேற வேற காட்டுச்சுன்னா மெஷினை நம்புங்க. அந்தக் கடிகாரத்தை எவன் செஞ்சானோ. இதை நான் பாத்துக் குடுத்திருக்கேன்."

அவர் தலையாட்டினார்.

மூன்றாவது திங்கட்கிழமை அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மகளைப் பார்த்திருப்பார், இன்னொரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போவார் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தார். அதே தலையணை உறை. ஆனால் மடிப்பு இல்லை, கசங்கியிருந்தது. மேசை மேல் வைத்தார், அதன் பக்கத்தில் ஒரு காகிதத்தையும் வைத்தார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசைக் கடிகாரம் வாங்கியதைச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பார்த்து அதைச் சரியாக வைத்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அது நாலு மணி காட்டியபோது மெஷின் மூன்று நாற்பது காட்டியதைச் சொன்னார்.

"கடிகாரம் நாலு அடிச்சுது. நேரத்தை மாத்திடலாம்னு மவுஸ் அம்பைக் கொண்டுபோயிட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. கையை எடுத்துட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த வார்த்தையை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பத்து நிமிடம் அந்தப் பெண் அங்கே திரை முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதே பத்து நிமிடம் இவர் இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். இருவரும் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தார்கள். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

காகிதத்தைப் படித்தேன். மூன்று முறை வராததால் சந்திப்பு உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. குழந்தையும் இனி விருப்பமில்லை என்று தெரிவித்துள்ளது. கருவிக் கோளாறே காரணம் என்றால், ஏழு நாளுக்குள் பழுது பார்ப்பவரின் அறிக்கையும், நேரம் மாறியது குறித்து மெஷினிலேயே பதிவாகியுள்ள குறிப்பின் முழு நகலும் தர வேண்டும். மெஷினையும் ஒப்படைக்க வேண்டும். நகல் எதிர்த்தரப்புக்கும் போகும். தேவைப்பட்டால் சம்பந்தப்பட்ட எல்லாரும் விசாரிக்கப்படுவார்கள்.

வழி இருக்கிறது என்று துள்ளினேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். உங்கள் கடவுச்சொல்லைப் போட்டுத் திறங்கள் என்றேன். அவர் பலகையை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு விரலால் தட்டித் தட்டிப் போட்டார்.

திரையின் மூலையில் பதினொன்று நாற்பத்திரண்டு என்று இருந்தது. அவர் கணக்கு திறந்தது. என் கண்ணெதிரே அது பதினொன்று இருபத்திரண்டு ஆனது.

பேட்டரி செத்தது ஒரு கோளாறு. அதைக் கண்டுபிடித்ததும் நான் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன். இது இன்னொன்று. நேரம் எப்போதெல்லாம் மாறுகிறது, எது மாற்றுகிறது என்று மெஷின் தனக்குத்தானே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைத் திறந்தேன். வரிசையாக ஒரே பெயர். அவர் உள்ளே வரும்போதெல்லாம் ஓடுகிற ஒரு சின்ன நிரல். அதைத் தேடிப் பிடித்தேன். பதினோரு வரி. இணையத்திலிருந்து நேரம் எடுக்காதே, உள்ளே நுழையும்போது நேரத்தை இருபது நிமிடம் பின்னால் தள்ளு, வெளியேறும்போது இருபது நிமிடம் முன்னால் தள்ளிப் பழையபடி வை. அதனால்தான் என் மேசையில் எல்லாம் சரியாக இருந்தது. அவராகச் சரிசெய்த வாரம் மட்டும், வெளியேறும்போது இருபது நிமிடம் கூடிப்போய் முன்னால் நின்றது. அதை வைத்து நான் அவரைக் குளறுபடிக்காரர் ஆக்கினேன்.

யாரோ வேண்டுமென்று வைத்த வேலை. அந்த மனைவிதான் என்று எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பிறகு மேலே இருந்த இரண்டு வரியைப் படித்தேன். நிரலில் குறிப்பு எழுதிக்கொள்ளும் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தது.

'அப்பா எட்டே காலுக்குத்தான் வருவார்.
அப்பாவுக்குத் தெரியக் கூடாது.'

எழுதிய தேதி இரண்டரை வருடத்துக்கு முந்தையது. அப்போது அவர் மகளுக்குப் பதினொன்றரை வயது இருக்கும். எங்கேயாவது பார்த்துக் காப்பியடித்திருப்பாள், ஆனாலும் என்னிடம் வேலைக்கு வந்த இரண்டு டிப்ளமோக்காரர்களுக்கு இது எழுத வராது.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சொன்னார். அப்போது வீட்டில் மூன்று பேருக்கும் அந்த ஒரே கணக்குத்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மகள் கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாது என்று, எட்டானால் தானாக அணைகிற மாதிரி ஏற்பாடு செய்தது அவரும் மனைவியும் சேர்ந்துதான். அவர் ஷிப்ட் முடிந்து வீடு சேர எட்டே கால் ஆகும். வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கார் பந்தய விளையாட்டு, இரண்டு பேர் ஆடுவது. வா வா என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாளாம். ஒரு ஆட்டம் முடிவதற்கும் அது அணைவதற்கும் சரியாக இருக்கும்.

"நேரம் தப்பா இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும் அக்கா. கேட்டா அந்த ஆட்டமும் போயிடும். அதனால கேக்கல."

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் அக்கா என்றார்.

பையில் போட்டு வைத்த இரண்டு வருடத்தில் அவர் அதை மறந்துவிட்டார். அவளும் மறந்திருப்பாள். நிரல் மறக்கவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் பழுது பார்ப்பவள், வேலையைப் பார்த்தேன். இப்போதே அறிக்கை எழுதுகிறேன், இந்தக் குறிப்பை முழுதாக அச்செடுத்து வைக்கலாம், இதைப் படிக்கிற எவருக்கும் மனசு இளகும், உத்தரவு திரும்பக் கிடைத்துவிடும் என்று படபடவென்று சொன்னேன். பிரின்டரைப் போட்டுவிட்டேன்கூட. அவர் எழுந்து வந்து அதன் மேல் கையை வைத்தார்.

"வேணாம்."

ஏன் என்று கேட்டேன். இந்த நகல் அந்த வீட்டுக்குப் போகும் என்றார். அவள் அம்மா படிப்பாள், வக்கீல் படிப்பார். பிறகு அவளைக் கூப்பிட்டு, இதை எழுதியது நீதானா என்று கேட்பார்கள். அப்பா மூன்று வாரமாக ஏன் வரவில்லை என்பதற்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

"முதல் வாரம் பேட்டரிதான். மத்த ரெண்டு வாரமும் நான்தான். நான் பாத்தது சரியில்லைன்னு எழுதித் தரேன், கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றேன்.

"மெஷினைக் கேப்பாங்களே. திறந்தா உள்ள அவ எழுதினது இருக்கே."

அப்படியானால் அந்த நிரலை அழித்துவிடலாம் என்றேன். குறிப்பையும் துடைத்துவிடலாம். சொன்ன பிறகுதான் உறைத்தது. குறிப்பைத் துடைத்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. துடைக்காவிட்டால் அவள் எழுதியது இருக்கும். பன்னிரண்டு வருடம் எத்தனையோ முடிச்சை அவிழ்த்திருக்கிறேன். இதை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் இறுகியது. நான் அழுதேன். வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"விருப்பமில்லைன்னு சொல்லிட்டா பாருங்க" என்றார், காகிதத்தைக் காட்டி. "கோவமா இருப்பா. கோவம் இருந்துட்டுப் போகட்டும். கோவம்னா என் மேலதானே."

பிறகு ஒரு உதவி கேட்டார். மையத்துக்கு ஏதாவது பதில் தந்தாக வேண்டும், தராவிட்டால் தாங்களே விசாரிக்கிறோம் என்று அவர்கள் தோண்ட ஆரம்பித்துவிடலாம். அதனால் மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை என்று கடைத்தாளில் எழுதித் தர வேண்டும். அது போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

அப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். இந்த மனுஷன் சும்மாவே வரவில்லை, பெற்ற பெண்ணைப் பார்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமை நேரமில்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். அதைத்தான் அவள் வளர்ந்து பெரியவளான பிறகும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நான் முடியாது என்றேன். மாட்டவே மாட்டேன் என்றேன். அவர் வாதாடவில்லை. கடைசி நாள் திங்கட்கிழமை என்று மட்டும் சொன்னார். திரையில் அந்த இரண்டு வரி இன்னும் இருந்தது. அதில் கீழ் வரியை அவர் வெளுத்த விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதே மாதிரிதான் அக்கா. அவளுக்குத் தெரியக் கூடாது."

கடைத்தாளை எடுத்தேன். 'பரிசோதித்ததில் கடிகாரம் சரியாக இயங்குகிறது. கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தினேன். இந்தக் கடையிலிருந்து வெளியே போன முதல் பொய் அது. அவர் வாங்கி, படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நிரலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். கசங்கிய உறையை மேசை மேல் விரித்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கி, மெஷினை உள்ளே வைத்து எடுத்துக்கொண்டு போனார்.